கீழறை ஜன்னல்

ஸ்லோக்கன் பள்ளத்தாக்கு,
அக்டோபர் 6, 2019

என் வின்னிக்கு,

நீயும் மார்னியும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹாலிஃபாக்ஸில் இந்நேரம் கடற்காற்று ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள். இங்கே விறகு பிளந்து அடுக்கியாயிற்று. விரல் மூட்டுகள்தான் காலையில் முரண்டு பிடிக்கின்றன. மகளையும் பேத்தியையும் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனாய். இது இரண்டாவது குளிர்காலம். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னேன்.

செய்தி இதுதான்: கீழறையில் மறுபடியும் செடி வைத்திருக்கிறேன். திட்டாதே. சட்டம் அனுமதிக்கிற நாலே நாலு கஞ்சாச் செடிகள், மூட்டு வலிக்கு. நாம் ஒளித்து வளர்த்த காலத்தில் தபால்காரர் படியேறினாலே கீழறைக் கதவைப் பூட்ட ஓடுவேன். இப்போது அவரே நின்று, செடி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போகிறார். எனக்கென்னவோ அதில் ஒரு சுகமும் இல்லை.

சுகமெல்லாம் அப்போதுதான். வெளியே முழங்கால் அளவு பனி, கீழறையில் விளக்கு சித்திரை வெயில் மாதிரி அடிக்கும். மார்னி அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். உன் கையுறைகள் விளக்கடியில் காயும். நீ ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றுவாய். வளர்க்கிறவன் மூக்குக்கு அந்த வாசம் பழகிப்போய்விடும், ஒன்றும் தெரியாது. அதனால் நீதான் நம் இருவருக்கும் மூக்கு. வாசம் வெளியே வந்தால், வீட்டில் யார் இருந்தாலும் சரி, 'டெல்மர், சூப் அடிப்பிடிக்குது' என்பாய். நான் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடுவேன். ஒரு நாள் பாதிரியார் உட்கார்ந்திருந்தார். 'அடிப்பிடிச்சாலும் பரவால்லம்மா, எனக்கு ஒரு கிண்ணம் ஊத்து' என்றாரே, நினைவிருக்கிறதா? இல்லாத சூப்புக்கு நீ எங்கே போவாய்? நாய் தின்றுவிட்டது என்று சொல்லி அவரை அனுப்பினாய்.

நீ போன பிறகு நம் பக்கத்து வீட்டுப் பாலிதான் வாரம் ஒருமுறை போர்ஷ்ட் சூப் கொண்டுவந்து தருகிறாள். போன மாதம் பானையை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். 'ஏய்யா, உன் செடி வாசம் என் முட்டைக்கோஸ் பாத்தி வரைக்கும் வருது. என் பேரன் வந்து, பாட்டி உனக்கு எதுக்கு இந்தப் பழக்கம்னு கேக்குறான்' என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜன்னலை யாராவது திறந்திருப்பார்கள் என்றேன். 'யாரு, நீ வளக்குற பூனையா?' என்று கேட்டுவிட்டுப் போனாள். இறங்கிப் பார்த்தேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மறுநாள் நெல்சன் டவுனுக்குப் போனேன். செடிச் சாமான் கடையில் ரோண்டா என்றொருத்தி, நம் வயதுதான், கறாரான ஆள். எட்டடிக்கு எட்டடி அறை, எட்டடி உயரம் என்றேன். 'அப்போ ஐந்நூத்திப் பன்னிரண்டு கன அடி. நிமிஷத்துக்கு ஒரு தடவை காத்து முழுக்க மாறணும். கரி ஃபில்டரும் குழாய் வளைவும் இழுத்துப் பிடிக்கும், அதுக்குக் கூட கொஞ்சம் சேத்துக்கங்க. எழுநூறு தள்ளுற ஃபேன் போதும். நீங்க என்ன மாட்டியிருக்கீங்க?' என்றாள். ஆயிரத்தைந்நூறு என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான். ஃபில்டர் எத்தனைக்கு என்றாள். அறுநூறு என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். 'காத்து கரிக்குள்ள நின்னு நிதானமாப் போனாத்தான் கரி வாசத்தைப் பிடிக்கும். நீங்க துரத்தி விடுறீங்க. ஃபேன் எவ்வளவு தள்ளுதோ அதுக்கு மேலயே ஃபில்டர் தாங்கணும். இது முதல் பாடம்யா' என்றாள்.

வின்னி, அங்கேயே நின்று நம் பழைய ஃபேனின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

தொண்ணூற்று நாலு நவம்பரில் பால்பண்ணைக்காரன் கழித்துப் போட்ட ராட்சச ஃபேனைத் தூக்கிவந்து மாட்டினேனே. அது நிமிடத்துக்கு இரண்டாயிரம் தள்ளும். கரிக்கு நான் வைத்ததோ கோழிவலையைச் சுருட்டிக் கரியை அடைத்த ஒரு பீப்பாய். உனக்கு அந்த வாரம் காய்ச்சல், மூக்கடைப்பு, சுற்றிப் பார்க்க வெளியே போகவில்லை. உள்ளே இழுக்கிற இழுப்பில் கீழறைக் கதவைத் திறக்க முடியவில்லை என்று நீ ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்தாய். ஐந்தாம் நாள் வாசம் பிடித்துப் போலீஸ் வந்தது. எனக்கு நாலு மாதம் ஜெயில். உனக்கு பஸ் ஓட்டும் வேலை போயிற்று. பாலம் வந்தால் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பாயே, அந்தப் பிள்ளைகளும் வேறொருவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

வந்தவர் போனவரிடமெல்லாம் நான் சொன்னது ஒன்றுதான்: வின்னி ஜன்னலைத் திறந்துவிட்டாள். மார்னியின் கல்யாண விருந்தில்கூட வேடிக்கையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாய்.

வீடு திரும்பியதும் ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தேன். கழிவறைக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து அந்த இடுக்கில் பிடித்தேன். அது உள்பக்கம் பறந்தது. வெளியே போய் நின்று பிடித்தேன், அப்போதும் உள்ளேதான் இழுத்தது. நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். இந்த ஆயிரத்தைந்நூறுக்கே இப்படியென்றால் அந்த ராட்சசனுக்கு எப்படி இழுத்திருக்கும்? அந்த ஜன்னல் வழியாக எந்த வாசமும் வெளியே போயிருக்க முடியாது. போனதெல்லாம் நான் மாட்டிய குழாய் வழியாகத்தான். என் ஃபேன், என் பீப்பாய், என் திமிர். இருபத்தைந்து வருஷம் உன் தலையில் போட்டேன். நீ ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. நீயும் அதை நம்பிவிட்டாயோ என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

தப்பு என்னுடையதுதான் என்று பாலியிடம் சொல்லிவிட்டேன். 'இவ்வளவு நாள் கழிச்சா?' என்று மட்டும் கேட்டாள். தபால்காரரிடமும் சொன்னேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மார்னிக்கு நீயே இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

எழுநூறு ஃபேனும் எண்ணூறு தாங்குகிற ஃபில்டரும் மாட்டியாயிற்று. கணக்கு சரி என்று ரோண்டா சொல்கிறாள். பாலி பூண்டு உரிக்கிறவள், அவள் மூக்கை நம்ப மாட்டேன். என் மூக்கு செத்து வருஷக்கணக்காகிறது. ஜன்னலை நீ வைத்த அளவிலேயே, ஓர் அங்குலம், திறந்து வைத்திருக்கிறேன். சாத்தப் போவதில்லை.

பேத்திக்கு என் முத்தங்கள். கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். பனி விழுமுன் ஒரு தடவை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சூப் அடிப்பிடிக்கிறதா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல், வின்னி.

உன்
டெல்மர்