கட்டைதான் அடிச்சது, அவர் இல்லை

ஜூன் 3
மகளைத் தற்காப்பு வகுப்பில் சேர்த்தேன். மறுநாளே கை வலிக்குதுன்னு படுத்துக்கொண்டாள். இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று நான் போய் நின்றேன். நன்சாக்கு என்றால் வேறொன்றுமில்லை, சங்கிலியில் கோத்த இரண்டு கட்டை. ஒன்றை நாம் பிடித்தால் இன்னொன்று நம்மைப் பிடிக்கிறது. முதல் சுற்றிலேயே முழங்கையில் ஒரு போடு. சந்தோஷமாக இருந்தது. ஏன்னு கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜூன் 9
தாடையில் ஒன்று.
மாஸ்டர் சொல்கிறார்: "அக்கா, சுத்திட்டு வெடுக்குனு இழுக்குறீங்க. அதான் திரும்பி வருது."
ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை உதறியே பழகிய கை. உதறினால் கடைசியில் இழுக்கத்தானே வேணும்? கட்டைக்கு அது புரியுதா?

ஜூன் 14
கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறம். நல்லாத்தான் இருக்கு.

ஜூன் 16
வேலையில் மேற்பார்வை அக்கா தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல அடிக்கிறாரா? மறைக்காத" என்றார். கட்டையைப் பற்றிச் சொன்னேன். "எல்லாரும் இப்படி எதையாவது சொல்றதுதான்" என்று என் தலையைத் தடவினார். கேட்க ஆள் இருக்கேன்னு ஒரு பக்கம் நிம்மதி. ஆனால் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரரை, அக்கா சொன்னாரென்று காவலாளி வாசலிலிருந்து விரட்டிவிட்டார். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறுகிற மனுசன். தெருமுனையில் ஒளிஞ்சு நிக்கிறார்.
"நீ சுத்து, வேணாங்கல. எம் பேரை மட்டும் காப்பாத்திக் குடு" என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். சரியா சாப்பிடல.

ஜூன் 21
இழுக்காமல் போகவிட்டால் கட்டை தானே வந்து அக்குளில் உட்காருது. அட.

ஜூன் 23
சாப்பாட்டு இடைவேளையில் எல்லார் முன்னாலும் சுற்றிக் காட்டினேன். ஒரு அடிகூடப் படவில்லை. பாவிக் கட்டை, தினமும் மண்டையைத் தேடி வரும், இன்னைக்குன்னு பார்த்து நாட்டியமாடுது.
"இவ்வளவு நல்லா சுத்துறவளுக்கு எப்படி அடிபடும்?" என்றார் மேற்பார்வை அக்கா. போச்சு, என் வீட்டுக்காரர் பேர் இன்னும் கெட்டது.
கட்டையை நீட்டினேன். "நீங்க சுத்துங்கக்கா, மெதுவா."
அவரும் விரிப்பு உதறி மேலே வந்தவர்தான். சுற்றினார். வெடுக்கென்று இழுத்தார். டொக்.
நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம், "உன் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவாரு?" என்றார்.

ஜூன் 24
மேற்பார்வை அக்கா நெற்றிப் புடைப்போடு வந்தார். காலையிலேயே அவங்க அண்ணன் வந்து, அவங்க வீட்டுக்காரர் சட்டையைப் பிடிச்சுட்டாராம்.
வேலை முடிந்து வெளியே வந்தால், என் ஆள் வாசலில் காவலாளி நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருக்கிறார். போலாமான்னேன்.
"இரு. அந்தம்மா பிஸ்கட் எடுக்கப் போயிருக்காங்க."