துண்டுக்குள் ஒரு கை

1961 ஜூன் 3, சனி

காலையிலேயே வெயில். காற்று துளி இல்லை. வாங்க வேண்டியவை: பஞ்சு, ஸ்பிரிட், விளக்குத் திரி, எனக்குச் செருப்பு.

சித்தையன்கோட்டைச் செல்லம்மாள் இறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். மாட்டு வண்டியில் நான் போய்ச் சேர மூன்று மணி நேரம். பிள்ளை பிறந்திருந்தது, ரத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாள். பிரசவம் பார்க்கிறவள் இதை வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

கார் வாங்கப் போகிறேன். முடிவு.

ஜூன் 4, ஞாயிறு

மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது அண்ணனிடம் சொன்னேன். அவன் மில்லில் கணக்கர். அண்ணி இறந்தபின் என் வீட்டில்தான் சாப்பாடு. சிரித்தான்.

"நீயா ஓட்டப் போற?"

நான்தான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது ஜீப் டிரைவர் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் டிரங்குப் பெட்டியில். அவனுக்கும் தெரியும்.

புது வண்டிக்குப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஓடித் தேய்ந்த வண்டிக்குப் புதியதைவிட விலை அதிகம். என்ன கூத்தோ. மாட்டுத் தரகர் மாயாண்டிகூட இப்போது மாட்டோடு காரும் விற்கிறார். சந்தை ஓரம் வேப்பமரத்தடியில் மூன்று நான்கு நிற்கும். விலை பேசுவது மாட்டுக்குப் போலத்தான்: துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து. எத்தனை விரல் பிடிக்கிறோமோ அதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது.

ஜூன் 5, திங்கள்

சந்தை. புழுதி, சாணி. கறுப்புக் கார், சிறியது, மலைத் தோட்டத்துத் துரை விட்டுப்போனது. இடது கதவு கயிற்றால் கட்டியிருக்கிறது. ஹாரன் இல்லை. எஞ்சின் நல்ல சத்தம், நானே ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்த்தேன்.

"நாலு காலும் சுத்தம்மா," என்றார் மாயாண்டி. விலை என்றதும் துண்டை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆம்பளைய அனுப்புங்கம்மா. பொம்பள கைய நான் எப்படிப் பிடிக்கிறது?"

எதுவரை போகலாம் என்று சொல்லி அண்ணனை அனுப்பினேன். துண்டுக்குள் கை போனது. செத்த நேரத்தில் வெளியே வந்தது.

"படியல. விடு," என்றான்.

வீட்டுக்கு வந்து தலைவலி. சுக்குக் காபி.

ஜூன் 7, புதன்

மருமகளுக்குப் பிரசவ நாள் கேட்க மாயாண்டி வந்தார். நாள் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று இழுத்தார்.

"உங்கண்ணன் பிடிச்ச விரலுக்குக் கெடேரிக் கன்னுகூட வராதும்மா. வெளையாட்டுக்கு வந்தீகளாக்கும்னு நெனச்சேன்."

சாயங்காலம் அண்ணனைக் கேட்டேன். மறுக்கவில்லை.

"ஆமா, வேணும்னுதான் கொறச்சுப் பிடிச்சேன். நீ காரோட்டிக்கிட்டுக் கடைவீதியில போனா நான் எப்படி வெளிய தல காட்டுறது?"

செல்லம்மாளை அவனுக்கும் தெரியும். அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். உடம்பெல்லாம் எரிந்தது. தட்டில் சோறு போட்டேன். குழம்பை அவனே ஊற்றிக்கொள்ளட்டும்.

ஜூன் 12, திங்கள்

தனியாகப் போனேன். வண்டி நின்றது. பக்கத்தில் ஒட்டன்சத்திரத்து வியாபாரி ஒருவர். "ஏனுங்க, வெலையச் சொல்லுங்க," என்று அவசரப்பட்டார். வாங்கி அடுத்த மாசமே கூட்டி விற்பவர்.

நான் கையை நீட்டினேன். மாயாண்டி பின்வாங்கினார். சுற்றி இருபது முப்பது பேர். ஒருவன் விசில் அடித்தான்.

"ஒங்க மூத்த மகன் காலு முன்னால வந்தப்ப உள்ள விட்டுத் திருப்பி எடுத்தது இந்தக் கைதான்," என்றேன். "அன்னைக்கு வராத கூச்சம் இப்ப எங்கருந்து வந்துச்சு? துண்டப் போடுங்க."

விசில் அடித்தவனைப் பார்த்தேன். அவனையும் நான்தான் எடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

துண்டு விழுந்தது. அவர் கை ஈரம், என் கையும். விரல் மூன்று தடவை மாறியது. நாலாவது தடவை முழுக் கையையும் பிடித்தார். அப்படிப் பிடித்தால் பேரம் முடிந்தது.

வண்டியைக் கடைவீதி வழியாகத்தான் ஓட்டி வந்தேன். சுற்று வழி இருக்கிறது. வேண்டாம் என்றுதான்.

ஜூன் 13, செவ்வாய்

உடம்பு வலி. வண்டிக்கு வாங்க வேண்டியவை: கதவுக்குத் தாழ்ப்பாள், ஹாரன், பின் டயர் ஒன்று. அண்ணன் சாப்பிட வரவில்லை. ஒரு டம்ளர் அரிசி மிச்சம்.

ஜூன் 16, வெள்ளி

மத்தியானம் சித்தையன்கோட்டையிலிருந்து சைக்கிளில் ஆள். முதல் பிரசவம், பனிக்குடம் உடைந்துவிட்டது. சைக்கிளை அங்கேயே போடச் சொல்லி ஆளை ஏற்றிக்கொண்டேன். அரை மணிக்குள் வாசலில். தெருவில் அத்தனை பேரும் வேடிக்கை.

நான் கை கழுவுவதற்குள் தலை தெரிந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. எடுத்தேன். நீலம். தட்டினேன், தேய்த்தேன், ஊதினேன். அழுதது. பெண். தாயும் சுகம். மாட்டு வண்டியில் வந்திருந்தால் அந்நேரம் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டேன். வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

இருட்டுவதற்குள் வீடு. அண்ணன் வாசலில்.

"ஊரே சிரிக்குது தெரியுமா?"

"சிரிக்கட்டும்ண்ணே. வலி எடுத்தா என்னையத்தான் கூப்புடுவாக. போவேன்."