லிட்டருக்குப் பதினெட்டு

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன்.

நான் துடைக்கும் ஷோரூமில் ஒரு சின்னக் கார் வந்திருக்கிறது. பெட்ரோல் வண்டி, ஜீப் மாதிரி உயரம். பக்கத்தில் வைத்திருக்கும் விவர அட்டையைத் துடைத்துத் துடைத்தே முழுக்கப் படித்துவிட்டேன். டேங்க் நாற்பது லிட்டர். லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.

திங்கட்கிழமை ஒரு டீச்சரம்மா வந்தார். விற்பனைக்காரர், "இருபத்தஞ்சு குடுக்கும் மேடம், கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்றார்.

"கண்ணத் தொறந்து பாருங்கம்மா, பதினெட்டுன்னு போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன். டீச்சரம்மா அட்டையைப் படித்தார், கிளம்பிவிட்டார்.

மேனேஜர் ஒரு தாளையும் மை டப்பாவையும் நீட்டினார். "பெருசு, ஒரு கைநாட்டு வை, போதும்." எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாடிக்கையாளரிடம் நான் பொய் சொன்னேனாம், மன்னிப்புக் கேட்கிறேனாம்!

"பொய் சொன்னது நான் இல்லையே சார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இன்று முதலாளி விசாரிக்கிறார். வேலை போனால் போகட்டும். அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, படிக்காதவன் மாதிரி நடிக்க என்னால் ஆகாது.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. நீ சொல்லச் சொல்லப் பெரியவளைப் பதில் எழுதச் சொல். திட்டுவதையும் விடாமல் எழுதட்டும். இத்தனை வருஷம் காதால் கேட்டதை ஒருமுறை கண்ணால் படிக்க வேண்டும்.

முதலாளி வந்துவிட்டார், கூப்பிடுகிறார்கள். கேட்டால் பதினெட்டு என்றுதான் சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்
(கையெழுத்து, கைநாட்டு இல்லை)