நீ சொல்லாத பெயர்

இன்று காலை வேனை ஏரிக்கரைச் சாலையில் ஓட்டி வந்தேன். கண்ணாடியை இறக்கியதும் அந்த வாடை உள்ளே வந்தது. புதுத்தண்ணீர் சேற்றைக் கிளறும்போது வருமே, அழுகிய கோரையும் மீனும் கலந்த வாடை, அதுதான். நான்கு நாளாக மழை விடவில்லை. தண்ணீர் கரையின் உச்சியைத் தொட இன்னும் ஒரு முழம்கூட இல்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

கேளம்பாக்கத்தில் ஒரே கம்பெனிக்குப் பதினொரு வருஷம் வேன் ஓட்டினோம். ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்குவோம், சனி ஞாயிறுகளில் மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் சவாரி. அங்கேதான் பழகினோம் என்றாலும் இருவரும் ஒரே ஏரிக்காரர்கள். ஏரி மிஞ்சி நிறைந்தால் எங்கள் ஊர்த் தெருக்களில் தண்ணீர் ஏறும். கரை உடைந்தால் கீழே இருக்கும் உங்கள் ஊருக்குள் பாயும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இரண்டு ஊருக்கும் உள்ள பகை இது ஒன்றுதான். "ஊரு சண்டய வண்டில ஏத்தாத மச்சான்" என்று நீ சொல்வாய். நாமும் ஏற்றியதில்லை, அந்த ஐப்பசி வரும்வரை.

அந்த மழையை நீ மறந்திருக்க மாட்டாய். எங்கள் தெருவில் முப்பது வீட்டுக்குள் தண்ணீர். அண்ணி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தையோடு அவளைப் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தோம். ஏரியின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலை உயர்த்திக் கட்டியது உங்கள் ஊர்க்காரர்கள்தான், அதனால்தான் தண்ணீர் வடியவில்லை என்று எங்கள் ஆட்களுக்குக் கோபம். பொதுப்பணித் துறை ஆபீசுக்குப் போன் போட்டும் யாரும் வரவில்லை. மதியம் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூடினார்கள். பேச ஆரம்பிப்பதற்கு முன் என் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையை நீட்டி எல்லாருடைய போனையும் அதில் போடச் சொன்னான். நான் போன் வீட்டில் இருக்கிறது என்று சொன்னேன். அது என் இடுப்பு மடிப்பில் இருந்தது.

நாலு மணிக்குப் பொக்லைனை வைத்துக் கரையை வெட்டுவது என்று முடிவானது. கீழே ஆட்கள் இருக்கிறார்களே என்று ஒரு பெரியவர் மட்டும் கேட்டார். அண்ணன் அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்: "நம்ம வூட்ல இடுப்பளவு தண்ணி கீது. அவனுங்க வூட்ல ஒரு சொட்டு இல்ல. யாராவது வாயத் தொறந்தா அவன் இந்த ஊர்க்காரனே இல்ல."

அவன் கெட்டவன் இல்லை. அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க வைத்தவன், லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று உன்னைக் கூப்பிட்டேன். முழுதாகச் சொன்னால் நீங்கள் கம்போடு கரைக்கு வருவீர்கள், அங்கே முதலில் நிற்பவன் என் அண்ணன். சொல்லாவிட்டால் உன் தெரு போய்விடும். பாதிதான் சொன்னேன். "அம்மாவயும் பொண்டாட்டியயும் பொண்ணயும் கூட்டிகினு அச்சரப்பாக்கத்துக்கு உன் அக்கா வூட்டுக்குப் போயிடு. இப்பவே."

நீ கேட்டாய்: "நான் மட்டுமா மச்சான், தெருவேவா?"

"நீ மட்டும்" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் நான் அழிக்க நினைப்பது அந்த இரண்டைத்தான்.

நீ அச்சரப்பாக்கம் போகவில்லை. ஏரியைத் திறக்கப்போவதாகப் பொதுப்பணித் துறையிலிருந்து போன் வந்தது என்று தெருவெல்லாம் சொல்லி, மூன்றரை மணிக்குள் அத்தனை பேரையும் கோவில் மேட்டில் ஏற்றிவிட்டாய். எங்கள் ஊர்ப் பெயரை நீ எடுக்கவே இல்லை. அதனால் கரைக்கு யாரும் கம்போடு வரவில்லை. உயிர்ச்சேதமும் இல்லை. கீழ்த்தெருவில் பத்து வீடும், உங்கள் கறவை மாடுகளும் போயின. கரை தானாக உடைந்தது என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உனக்கு வினை வந்தது. உங்கள் ஆட்கள் ஆபீசில் விசாரித்திருக்கிறார்கள். அப்படி யாரும் போன் செய்யவில்லை என்று தெரிந்துபோனது. முன்கூட்டியே தெரிந்திருந்தும் கரையைக் காக்க விடாமல் ஏமாற்றினாய், எதிரூர்க்காரனிடம் விலைபோனாய் என்றார்கள். போன் செய்தவன் யார் என்று கோவிலில் நிறுத்திக் கேட்டபோது, கம்பெனி ஆள் யாரோ சொன்னான் என்றாயாம். உன் மகள் கல்யாணம் புதுப்பட்டினத்து மண்டபத்தில் நடந்தது. உன் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. போட்ட இலைகள் ஆளில்லாமல் கிடந்தன. நான் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

இரண்டு வருஷம். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை உன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறேன். சொன்னால் அண்ணன்மேல் கேஸ். பரணில் கிடந்த அந்தக் குழந்தை இப்போது என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறது. அதை நினைத்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ ஸ்டாண்டிலேயே சாய்ந்தாய். உன் பாடையைத் தூக்கியது நாங்கள் நான்கு வேன் டிரைவர்கள். உன் தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன.

நேற்று அண்ணன் மறுபடி பொக்லைன்காரனிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அதனால்தான் இன்று வண்டியை எங்கள் ஊருக்குத் திருப்பாமல் உன் வீட்டுக்கு ஓட்டினேன். உன் மனைவி வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்ணா. நீ போன் பண்ணப்போ பக்கத்துலதான் இருந்தேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. அவனே வந்து சொல்லுவான், அவன் ஊர வுட்டுட்டு வர்றதுக்கு நாளாவும்னாரு. கடசி வரிக்கும் பாத்துகினுதான் இருந்தாரு."

மழையில் நனைந்துகொண்டே உங்கள் டீக்கடை வரை நடந்தேன். படுதாவுக்கு அடியில் ஏழெட்டு பேர் இருந்தார்கள். நான் இன்னார் தம்பி என்று சொன்னேன். அன்று போன் செய்தது நான்தான், நீ யாரிடமும் விலைபோகவில்லை என்றேன். கரையை வெட்டியது யார் என்றும், நாளை மதியம் மறுபடி கூடுகிறார்கள் என்றும் சொன்னேன். ஒருவர் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வேறு இரண்டு பேர் என்னைத் தாண்டிக் கரைப்பக்கம் நடந்தார்கள். அவர்கள் எதை எடுக்கப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. போலீசுக்கா, ஆட்களுக்கா, அந்தப் போன் யாருக்கு என்றும் தெரியாது.

இதை உன் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் ஐந்து முறை கூப்பிட்டுவிட்டான். இனி எங்கள் ஊரில் எனக்கு இடமில்லை, உங்கள் ஊரில் இடம் கேட்கும் யோக்கியதையும் இல்லை. அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஸ்டாண்டில் உன் வண்டிக்குப் பக்கத்தில் நான் வந்து நிற்கும்போதெல்லாம் நீ ரேடியோவை அணைப்பாய். அது எதற்கு என்று இன்றுதான் புரிந்தது. நான் வானிலையைப் பேசிவிட்டுப் போவேன். நீ மறுபடி ரேடியோவைப் போடுவாய்.