சிவப்பு மையில் எழுதிய பட்டியல்

ஓசூர்,
பிப்ரவரி 9.

அன்புள்ள மோகனப்ரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு மமதை வந்துவிடுகிறது, அதனால் தமிழ்.

போன வியாழக்கிழமை உன் வீட்டுக்காரர் வில்லெம் வந்திருந்தார். தளி ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணையில் பசுமைக்குடில் அமைக்கும் வேலையாம். போகக் கூடாது என்று நீ சொல்லியும் வந்தாராம். நான் கேட்டைத் திறக்கவில்லை. அவர் வெளியே நின்றபடியே, தைரியத்துக்காக எதையும் குடித்துவிட்டு வரவில்லை, வேண்டுமானால் ஊதிக் காட்டட்டுமா என்றார். அந்தத் தாளை அவரும் படித்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு டச்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொள்வதாக நீ ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் பிழை திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேனே, அந்தத் தாள். கான்வென்ட்டில் சிஸ்டர் மனப்பாடம் செய்யவைத்த ஆங்கிலத் தொடர்களை அடியில் வரிசையாக எழுதியிருந்தேன். ‘டச்சு தைரியம்’ என்றால் குடித்த பிறகு வரும் வீரம். ‘டச்சு விருந்து’ என்றால் அவரவர் சாப்பாட்டுக்கு அவரவர் காசு. ‘இரட்டை டச்சு’ என்றால் யாருக்கும் புரியாத உளறல். ஒரு நல்ல வார்த்தைகூட இல்லாத ஜனங்களோடா வாழப்போகிறாய் என்று முடித்தேன். கையெழுத்து அழகாக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

வேலைக்கு வரும் மாதம்மாள்தான், மாப்பிள்ளையை வெயில்ல நிறுத்தி வெச்சு என்னம்மா பரீட்சையா நடத்தறீங்க என்று கேட்டைத் திறந்துவிட்டாள்.

அந்தச் சொற்களில் பலவும் ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்களோடு சண்டை போட்ட காலத்தில் கட்டிவிட்டவை என்று வில்லெம் சிரித்தார். பகையாளி சொன்னதை நம்பியா பெண்ணை ஒதுக்கினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். பிறகு ஆரம்பித்தார். ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்திருக்கிறது. காலை மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் மாறிக் கிடக்கின்றன. நான்கு நாள் பேப்பர் பிரிக்காமல் இருக்கிறது. உங்களுக்குக் கண் தெரியவில்லை, அதை யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறீர்கள் என்றார். என் எதிரே யாரும் இப்படிப் பேசியதில்லை. ‘டச்சு மாமா’ என்று ஒரு தொடர் உண்டு. முகத்துக்கு நேரே குறை சொல்பவர் என்று பொருள். அதையும் அன்று எழுதியிருந்தேன், வசவாக.

செருப்பை மாட்டிக்கொண்டே, உனக்கு இது ஐந்தாம் மாதம் என்றார். சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். அவரைத் திட்டாதே.

அவர் சொன்னது சரிதான். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அப்பா போன பிறகு, கட்டுப் போட்ட கண்ணோடு யார் கையைப் பிடித்து வீடு திரும்புவது என்ற அலுப்பு. அடுத்த மாதம் செய்துகொள்கிறேன். மாதம்மாள் கூட வருவாள். பேரனோ பேத்தியோ, முகம் தெரிய வேண்டுமே.

எழுதியதைத் திரும்பப் படிக்க என்னால் முடியவில்லை. வரிகள் ஏறி இறங்கியிருக்கும், எழுத்துகள் விட்டுப்போயிருக்கும். சிவப்புப் பேனா எடுத்துக்கொள். என் பிழை ஒன்றையும் விடாமல் திருத்து. ஆனால் தபாலில் அனுப்பாதே, கண்ணு. டாக்டர் எப்போது பயணம் செய்யலாம் என்கிறாரோ அப்போது நீயும் மாப்பிள்ளையுமாகக் கையில் கொண்டு வாருங்கள். கேட் திறந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
பவளம்