உன் டம்பெல்களைக் கொடுத்துவிட்டேன்

என் தங்கத் தம்பி செல்வராசு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அம்மா இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். விராலிமலையில் நல்ல மழை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதன் பழனியப்பன் வந்தான். “அக்கா, சந்தைக்குப் பின்னால கொட்டகை போட்டு எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டு இருக்கோம். செல்வராசோட டம்பெல்லைக் குடுத்தீங்கன்னா ஒதவியா இருக்கும்” என்றான்.

அவை நீ திருச்சியில் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கிய இரும்பு மட்டுமா? என் வலது கையைத் திருப்பித் தந்தவை அல்லவா?

மாட்டுவண்டி குடைசாய்ந்து என் தோள் இறங்கியது உனக்குத் தெரியும். மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த பிறகும் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. தலை பின்னிவிட அம்மா வேண்டும். டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்த சமயம் அது. கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டாதவள் அங்கே போய் என்ன செய்வது?

நீ டம்பெல் என்றதும் அம்மா சண்டைக்கு வந்தாள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா இரும்பு? இருக்கிற கையும் போயிரப் போகுது.”

“இப்ப இரும்பைத் தொட மாட்டாம்மா. முதல்ல வெறுங்கை. சுருக்குனு வலிச்சா அதோட நிறுத்திருவோம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்” என்றாய்.

வெறுங்கை, பிறகு தண்ணீர்ச் செம்பு, பல மாதம் கழித்துத்தான் சின்ன ஜோடி டம்பெல். தோள் உயரத்தில் பிடித்தால் போதும், ஆரம்பித்துவிடுவாய். “முழங்கையைப் பக்கவாட்டுல அகட்டாத, கொஞ்சம் முன்னால வச்சுக்க. மணிக்கட்டு மடங்குது பாரு. வயித்தை இறுக்கு. மூச்சை விட்டுக்கிட்டே ஏத்து, மெதுவா எறக்கு. முதுகைச் சாய்ச்சா பாரம் இடுப்புக்குப் போயிரும்க்கா.”

“நீ என்ன எனக்கு வாத்தியாரா?” என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

“நீ வாத்தியார் ஆகணும்ல, அதான் சொல்றேன்” என்றாய்.

ஆகிவிட்டேன். இன்றைக்கும் தேதியைப் பலகையின் உச்சியில்தான் எழுதினேன்.

பழனியப்பனிடம் சரி என்றேன். ஆனால் அவனோடு நானும் போனேன். பெரிய ஜோடியை அவன் சுமந்தான். சின்னது என் கையில். கொட்டகையில் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ராமையா நின்றிருந்தான். பெரியதை வாங்கி, வில் மாதிரி பின்னால் வளைந்து, ஒரே வீச்சில் மேலே எறிந்தான். மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“தம்பி, அதை எறக்கி வைங்க. இடுப்பு போயிரும்.”

“பின்ன எப்படிங்க தூக்குறது?” என்றான், கொஞ்சம் முறைப்பாக.

முந்தானையைச் செருகிக்கொண்டு சின்ன ஜோடியைத் தோளுக்குக் கொண்டுவந்தேன். நீ சொன்னபடியே நின்று, தலைக்கு நேர் மேலே ஏற்றி, நிதானமாக இறக்கினேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே கூச்சமாகத்தான் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ராமையா அதே சின்ன ஜோடியை வாங்கி, சாயாமல் தூக்கிப் பார்த்தான்.

“சின்னதுதானே அக்கா, ஏன் இம்புட்டுக் கனமா இருக்கு?”

“இப்பத்தான் தோளு தூக்குது” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: “குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன்மா.”

சோற்றைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “ஒழுங்காத் தூக்குறானுகளா?”

தம்பி, என் முழங்கை ஓர் அங்குலம் விலகினால் கண்டுபிடித்துவிடுவாயே, உன் கண் மஞ்சளானதை மட்டும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வேலை கெடும் என்றா? நாங்கள் பயப்படுவோம் என்றா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காமாலை முற்றிவிட்டது.

இனி வாரம் தவறாமல் அந்தக் கொட்டகைக்குப் போவேன். அவர்கள் முதுகை மட்டுமல்ல, முகத்தையும் பார்ப்பேன். ஒருத்தன் சோர்ந்து தெரிந்தாலும், அவன் என்ன சாக்குச் சொன்னாலும், கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த அக்கா
மரகதம்