பதினஞ்சு கேலன் பானை

வாசா, விஸ்கான்சின்
ஏப்ரல் 4, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

லைல் எழுதறேன். ரெண்டு வருஷம் கழிச்சு என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுடாதே. முதல்ல படி, அப்புறம் கிழி. முட்டி வலி தேவலையா? இங்க காலீனும் நானும் சௌக்கியம். பொண்ணு ஹைடியும் நல்லா இருக்கா.

வீட்டுலயே பீர் காய்ச்சலாம்னு ஆசை வந்திருக்கு. டப்பாவுல விக்கிற பார்லிப் பாகைக் கரைச்சு இல்ல, உன்னை மாதிரி முளைகட்டின பார்லியை ஊறவெச்சு, முதல்லேர்ந்து. கடைக்காரங்க தபால்ல அனுப்பற விலைப் புத்தகத்துலேர்ந்து ஒரு பக்கத்தைக் கிழிச்சு வெச்சிருக்கேன் பாரு. மூணு எவர்சில்வர் பானை, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஸ்டாண்ட், ஒவ்வொண்ணுலயும் வெப்பமானி, கூடவே பம்பு. பானை ஒவ்வொண்ணும் பதினஞ்சு கேலன். ஜூனுக்குள்ள ரெண்டு தடவை காய்ச்சணும். வாங்கலாமா? உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?

அன்புடன் உன் தம்பி
லைல்

ஷெபாய்கன்
ஏப்ரல் 9

தம்பி லைலுக்கு,

கிழிக்கல. படம் ரொம்ப வேடிக்கையா இருந்துச்சு, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன். இது பீர் காய்ச்சவா, ராக்கெட் விடவா? சின்ன வயசுலேயே மினுக்கறது எதைக் கண்டாலும் வாயைப் பொளப்பே. அம்பத்திரண்டு வயசாச்சு, அந்தப் புத்தி மட்டும் அப்படியே இருக்கு.

பம்பு வேண்டாம், குப்பையில போடு. பார்லியை ஊறவைக்கப் பானையே வேண்டாம். மீன் பிடிக்கப் போறப்ப தூக்கிட்டுப் போவியே ஐஸ் பெட்டி, அது போதும். ஒரு மணி நேரம் மூடி வெச்சா சூடு ரெண்டு டிகிரிகூட இறங்காது. அடியில ஓட்டை போட்ட செப்புக்குழாய் வை, சாறு மட்டும் வடியும், சக்கை தங்கிடும். காய்ச்ச ஒரே ஒரு அலுமினியப் பானை, கெட்டியா, கீழே குழாய் வெச்சது. நம்ம சர்ச்சுல மீன் அவிக்கிறாங்களே, அந்த மாதிரி. கொதிக்கிற பானையைத் தூக்கற வீரம் எல்லாம் வேண்டாம், குழாயைத் திற. ஆறவைக்க செப்புக்குழாய்ச் சுருள் ஒண்ணு. ஒரு வெப்பமானி, ஆனா நல்லதா. அவ்வளவுதான்டா. மத்ததெல்லாம் உன்னை மாதிரி ஆளுங்களுக்காக அச்சடிக்கிறது.

இப்ப நான் கேக்கறேன். பதினஞ்சு கேலன் பானையில பத்து கேலன் பீர் வரும். ரெண்டு தடவைன்னா இருபது. நீ ரெண்டு கிளாஸ் குடிச்சா சோபாவுல குறட்டை விடற ஆளு. காலீன் தொடமாட்டா. ஜூனுக்குள்ள இருபது கேலன் யாருக்கு? ஹைடிக்குக் கல்யாணம் வெச்சிருக்கியா?

வெர்னா

வாசா
ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

ஆமாம். ஜூன் பதினெட்டு. ட்ராய்தான் மாப்பிள்ளை. மறைச்சது தப்பு, ஆனா வேற வழி தெரியல.

அந்தத் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்தை நீ மறந்திருப்பே. நாங்க மறக்கல. அந்தப் பையன் முதல் முதலா காய்ச்சின பீரைப் பொத்திப் பொத்தி எடுத்துட்டு வந்தான். நீ ஒரு வாய் குடிச்சுட்டு, "இது பீர் இல்ல, இருமல் மருந்து"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் பாத்திரம் கழுவற தொட்டியில ஊத்தினே. ஒரு பாட்டில் இல்ல, ஆறும். அவன் சிரிச்சு மழுப்பினான். ஹைடி கார்ல அழுதா. "அத்தை என் கல்யாணத்துக்கு வரக்கூடாது"ன்னு அன்னைக்கே சொன்னா. இன்னும் அதையேதான் சொல்றா.

காய்ச்சப்போறது ட்ராய். டப்பாப் பாகைத் தொடமாட்டேன், அத்தை பண்றமாதிரிதான் பண்ணுவேன்னு பிடிவாதம் பிடிக்கிறான். உன் லெட்டரை நாலு தடவை படிச்சான். ராக்கெட்னு எழுதினதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சான்.

கடைசியா ஒண்ணு மட்டும் சொல்லிடு. புளிக்கவைக்க எந்த மாதிரி வாளி?

லைல்

ஷெபாய்கன்
ஏப்ரல் 21

லைலுக்கு,

ஓகோ. உன் கல்யாணத்துக்குப் பீர் காய்ச்சினவ நான். சின்னவன் ரோஜரோட ரெண்டு கல்யாணத்துக்கும் நான். அம்மை வந்தப்ப ஹைடியை ஒரு மாசம் என் வீட்டுல வெச்சு, ராத்திரி பகலாப் பார்த்துக்கிட்டவளும் நான்தான். காலீன் அப்ப கதவுக்கு வெளிய நின்னு கையை ஆட்டினா. இப்ப என் மூளை மட்டும் தபால்ல வேணும், நான் வேண்டாம். நல்லா இருக்குடா உங்க நியாயம்.

வாளிதானே? சொல்றேன். புதுசா வாங்காதே, அதெல்லாம் ஏமாத்து. உங்க ஊர் ஹாம்பர்கர் கடையில கேளு, வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த அஞ்சு கேலன் பிளாஸ்டிக் வாளி சும்மாவே தருவாங்க. அஞ்சு வாங்கு, ஒவ்வொண்ணுலயும் நாலு கேலன் ஊத்து. சோடா உப்பைப் போட்டுக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல வெச்சா வாடை போயிடும்.

மாப்பிள்ளைக்கு என் வாழ்த்து.

வெர்னா

ஷெபாய்கன்
மே 6

லைல்,

நேத்து மூணு தடவை போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் காலீன் வெச்சுட்டா. அதான் எழுதறேன், உடனே படி.

அந்த வாளியில ஊத்தாதீங்க. வெந்நி, சோடா, வெயில், எதுக்கும் போகாது. பிளாஸ்டிக்குல ஏறின ஊறுகாய் வாடை ஏறினதுதான். பீர் பூரா வினிகரும் பூண்டுமா நாறும். எனக்குத் தெரிஞ்சேதான் எழுதினேன். அந்தப் பையன் இருநூறு பேர் முன்னாடி தலை குனியட்டும்னு நெனச்சேன். ஒரு வாய் குடிச்சுட்டு எல்லாரும் கிளாஸைக் கீழே வைக்கிறதை மனசுக்குள்ள பார்த்து சந்தோஷப்பட்டேன். ரெண்டு வாரமா அந்த சந்தோஷத்தோடதான் தூங்கினேன். இப்ப தூங்க முடியல.

புது வாளி வாங்குங்க. இன்னும் ஆறு வாரம் இருக்கு, தாராளமாப் போதும். ஊத்தியாச்சுன்னா கொட்டிட்டு மறுபடி காய்ச்சுங்க. கூப்பிடணும்னு இதை எழுதல. கூப்பிடவேண்டாம்.

வெர்னா

வாசா
ஜூன் 20

அக்காவுக்கு,

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. நடந்ததை உனக்குச் சொல்லணும், சொல்லாம என்னால இருக்க முடியல.

ஊறுகாய் வாளியை நாங்க வாங்கவே இல்ல. உன் லெட்டரைப் படிச்சதும் ட்ராய் சிரிச்சான். "மாமா, காலேஜ்ல படிக்கிறப்ப ஹாம்பர்கர் கடையிலதான் வேலை பார்த்தேன். அந்த வாளி ஜென்மத்துக்கும் நாறும். அத்தை நம்மளைச் சீண்டறாங்க, கண்டுபிடிக்கிறோமான்னு பார்க்கறாங்க"ன்னான். அன்னைக்கே புது வாளிக்கு எழுதிப்போட்டான். அவன் அதை நிஜமாவே விளையாட்டுன்னுதான் நெனச்சான்.

அதுக்கப்புறம் ஹைடியைப் பிடிச்சுக்கிட்டான். இவ்வளவு சொல்லிக்கொடுத்தவங்களைக் கூப்பிடாம எப்படின்னு பத்து நாள் விடாம சண்டை. கடைசியில அவ இறங்கி வந்தா. உன் பேர் போட்ட பத்திரிகையை அவளே எழுதினா, முதல் வரிசையில இடம்னு காலீன்கிட்டயும் சொல்லிட்டா. ஸ்டாம்ப் ஒட்டவேண்டியதுதான் பாக்கி. மறுநாள் உன் மே மாச லெட்டர் வந்துச்சு. நான் வீட்டுல இல்ல. ஹைடி பிரிச்சுட்டா.

ட்ராய் அப்பவும் விடல. "தானா ஒத்துக்கிட்டாங்களே, அது பெரிய விஷயம் இல்லையா?"ன்னான். ஹைடி சொன்னா, "அன்னைக்குத் தொட்டியில ஊத்தினது கோபம்னு மன்னிச்சேன். இது உக்காந்து யோசிச்சு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினது." பத்திரிகை தபாலுக்குப் போகல. எனக்கு உன்மேல கோபம்கூட இல்ல அக்கா. வெக்கமா இருக்கு.

பீர் பிரமாதம். எட்டு மணிக்கெல்லாம் சுத்தமாத் தீர்ந்துபோச்சு. யார் காய்ச்சினதுன்னு வந்து வந்து கேட்டவங்களுக்கெல்லாம் ட்ராய், "பானை, பெட்டி எல்லாமே வெர்னா அத்தை சொன்னது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். எங்க அவங்க, எங்க அவங்கன்னு ஜனங்க உன்னைத் தேடினாங்க. ஹைடி மட்டும் கடைசி வரைக்கும் ஒரு வாய்கூடக் குடிக்கல.

லைல்